விறகுப் போறணைக்கு எந்தச் சீமெந்து?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய பேக்கரி வைத்திருக்கிறேன், ஐயா. பாண் போடுவது விறகுப் போறணையில். உள்வளைவில் சில கற்கள் ஆடத் தொடங்கியதால் மேசன் ஒருவரைக் கொண்டு சீமெந்து பூசினேன். இரண்டு மாதம் போகவில்லை, வெடித்துத் துண்டு துண்டாகப் பாண் மேல் விழுகிறது. தீச்சீமெந்து வாங்கப் போனால் ஒரு கடையில் சின்ன டப்பாவைக் காட்டுகிறார்கள், இன்னொரு கடையில் 25 கிலோ மூடையைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? செட்டியார் தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரும் தன்னுடைய உருக்கு உலைக்கு இதையே பூசலாமா என்று கேட்கிறார்.

பதில்: முதலில் அந்தப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடுங்கள். அதன் மேல் எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்தே விழும். மேசன் கைவேலையில் குறை இருந்திருக்காது, பொருள்தான் பிழை. வீடு கட்டும் சீமெந்து இறுகும்போது அதற்குள் கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகிறது. சூடு 400 பாகை செல்சியசைத் தாண்டினால் அது நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். போறணை ஆறியதும் கொழும்பின் ஈரக்காற்றை உறிஞ்சி அந்தச் சுண்ணாம்பு நீறிப் பருக்கும், பூச்சு பிளக்கும். கலவை மணலில் உள்ள குவாட்ஸும் 573 பாகையில் சட்டென்று விரியக்கூடியது. பாண் வேகும் நேரத்தில் போறணையில் 250 பாகைக்குள்தான் இருக்கும். ஆனால் விறகு எரியும்போது சுவாலை நக்கும் வளைவின் சூடு அதைவிட எவ்வளவோ கூட.

கொத்தும்போது கல்லை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது. பழைய போறணையின் மேல் அஸ்பெஸ்டஸ் தகடோ கயிறோ தெரிந்தால் கை வைக்காதீர்கள்.

இப்போது டப்பாவும் மூடையும். தீச்சீமெந்து என்று கேட்டால் கடைகளில் மூன்று வேறு சாமான்கள் வெளியே வரும். டப்பாவில் குழைத்தே வருவது சோடியம் சிலிக்கேற் சேர்ந்த பசை. கதவுச் சட்டத்தின் ஓரம், புகைக்குழாய் மூட்டு, மெல்லிய கீறல் ஆகியவற்றுக்கு நல்லது. சில மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், சூடு பட்டதும் கொப்புளித்துக் கிளம்பும். பாண் படும் தளத்தில் அதைப் பூசவே வேண்டாம். இரண்டாவது, தீக்களிமண் சாந்துத் தூள். தீச்செங்கல்லைக் கல்லோடு கல் சேர்க்க இதுதான். மூட்டு 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. வீட்டுச் சுவர் மாதிரி அரை அங்குலச் சாந்து வைத்தால் அது சுருங்கி உதிரும். மூன்றாவதுதான் அந்த 25 கிலோ மூடை, காஸ்டபிள் என்பார்கள். கல்சியம் அலுமினேற்றுச் சீமெந்தும் சுட்ட களிமண் சல்லியும் கலந்த கொங்கிறீற் அது. இந்தச் சீமெந்துக்கு 1908இல் பிரான்சில் ஜூல் பியே காப்புரிமை எடுத்தது நெருப்புக்காக அல்ல, சல்பேற் உள்ள நீரும் கடல்நீரும் கொங்கிறீற்றை அரிக்கக்கூடாது என்பதற்காக. நெருப்பைத் தாங்கும் என்பது நமக்குக் கிடைத்த லாபம்.

உங்கள் போறணையில் கற்கள் ஆடினாலும் முழுசாக இருந்தால் காஸ்டபிள் தேவையே இல்லை. கீழே பலகை முட்டுக் கொடுத்து, கல்லைக் கழற்றிச் சுத்தம் செய்து, தீக்களிமண் சாந்தில் மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். மலிவும் அதுதான், நீடிப்பதும் அதுதான். கல்லே பொடிந்து குழி விழுந்த இடத்துக்கு மட்டும் காஸ்டபிள் போடுங்கள். இரண்டு அங்குலத் தடிப்பாவது இருக்க வேண்டும். குழியின் உட்பக்கம் வாயைவிட அகலமாக இருக்கும்படி வெட்டினால் பிடித்து நிற்கும். வழக்கமாக மேசன்மார் வைக்கும் கோழிக்கூட்டுக் கம்பிவலை இங்கே வேண்டாம். இரும்பு தீச்செங்கல்லைப் போல இரு மடங்கு விரியும், உள்ளிருந்தே பிளந்துவிடும்.

மூடை வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பாருங்கள், மூடையை அமத்தியும் பாருங்கள். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் வாங்க வேண்டாம், தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். குழைக்கும் தட்டிலும் கரண்டியிலும் பழைய சீமெந்து, சுண்ணாம்பு ஒட்டியிருக்கக்கூடாது. அது கொஞ்சம் கலந்தாலும் கையில் இருக்கும்போதே இறுகிவிடும். குடிக்கும் தண்ணீரை, மூடையில் எழுதியிருக்கும் அளவுக்கே விடுங்கள். 25 கிலோவுக்குப் பொதுவாக 3 லீற்றருக்குள் முடிந்துவிடும். பார்க்க வறட்சியாகத் தெரியும், மேசன் இன்னொரு கோப்பை தண்ணீர் கேட்பார். கொடுக்காதீர்கள். ஒரு பிடி கலவையை உருண்டையாக்கி ஓரடி உயரத்துக்கு எறிந்து பிடியுங்கள். கையில் நொறுங்கினால் தண்ணீர் போதாது, விரலிடையில் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, உருண்டையாகவே நின்றால் சரி. பழைய கல்லை நனைத்துவிட்டு அரை மணித்தியாலத்துக்குள் போட்டு அமுக்கி முடியுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு மறுபடி குழைக்கக் கூடாது. இரும்புக் கரண்டியால் பளபளவென்று தேய்க்கவும் வேண்டாம், நீராவி வெளியேறும் வழி அடைபட்டுவிடும்.

அப்புறம் 24 மணித்தியாலம் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் திறந்தபடி விடுங்கள், மழை நாளானால் இன்னும் கூட.

வேலை கெடுவது பெரும்பாலும் முதல் நெருப்பில்தான். பேக்கரியை மூடி வைத்திருப்பது நட்டம், அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் பருக்கும். உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு முழு விறகையும் அடுக்கினால் காஸ்டபிள் வெடித்துத் தெறிக்கும், ஆட்களுக்கும் காயம் வரும். சிரட்டைக் கரியில் சின்னத் தணலிட்டு மணித்தியாலத்துக்கு 25 பாகை போல ஏற்றுங்கள். 110 பாகை வந்ததும் அப்படியே நிறுத்தி, தடிப்பின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மணித்தியாலமாவது வைத்திருங்கள். போறணை வாயில் குளிர்ந்த கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அதில் பனி படர்வது நிற்கும் வரை சூட்டைக் கூட்ட வேண்டாம். பிறகு 350 பாகை போல ஏறியதும் இன்னொரு தடவை நிறுத்துங்கள், சீமெந்தோடு கட்டுண்ட நீர் போகும் கட்டம் அது. படபடவென்று சத்தம் கேட்டால் தணலை வெளியே இழுங்கள்.

மைத்துனரின் விஷயம் வேறு. தங்கம் உருகுவது 1064 பாகையில். தங்கம் உருக்கும் கிண்ணமான மூசைக்கு அந்தச் சூடு கிடைக்க, சுவாலை படும் உலைச் சுவர் 1200ஐயும் தாண்டும். போதாததற்கு, உருக்கும்போது தங்கத்தோடு போடும் வெங்காரம் சிந்தி உள்பூச்சைத் தின்னும். உங்கள் போறணைக்குப் போதுமான, 40 சதவீத அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) உள்ள சீமெந்தில் செய்த சாதாரண காஸ்டபிளில் இரும்பும் அதிகம், அதனால் அங்கே அது இளகத் தொடங்கும். அவருக்கு 70 சதவீத அலுமினா உள்ள வெள்ளைச் சீமெந்தில் செய்தது வேண்டும். மூடையில் உள்ள உச்ச வெப்பநிலை அவரது உலைச் சூட்டைவிட 150 பாகையாவது கூட இருக்கட்டும். பழைய சோனகத் தெருவில் விசாரிக்கும்போது வெறுமனே "தீச்சீமெந்து" என்று கேட்காமல் இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து அரை மூடை மிஞ்சினால் வாசல் லிண்டலுக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்தச் சீமெந்தின் பளிங்கமைப்பு காலப்போக்கில் மாறி வலு குறையும். 1973இலும் 1974இலும் லண்டனில் இரண்டு பாடசாலைக் கூரைகள் இடிந்தன, அவற்றின் உத்தரங்களில் இருந்தது இதுதான். மிஞ்சியதைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். சில மாதங்களுக்குள் வரும் சின்னத் திருத்தங்களுக்கு உதவும்.