மருந்து உறையின் பின்பக்கம்

அன்புள்ள அண்ணா,

மானிப்பாயில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். காலை எட்டுக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஏழாகும். ‘எதைச் செய்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்’ என்று போன ஞாயிறு போதகர் பிரசங்கித்தார். நான் நாள் முழுக்கக் குளிசை எண்ணுகிறேன். நடுவில் ஒரு ஜெபத்துக்கும் நேரமில்லை. இதில் மகிமை எங்கே? மேசையில் ஒரு வசனமாவது ஒட்டிவைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

அந்த வசனம் 1 கொரிந்தியர் 10இல் எந்த இடத்தில் வருகிறது என்று ஒருக்கால் பாருங்கள். அங்கே பவுல் பேசிக்கொண்டிருப்பது கடையில் விற்கிற இறைச்சியைப் பற்றி. விக்கிரகத்துக்குப் படைத்ததாக இருக்குமோ, வாங்கலாமா, கூப்பிட்டவர் வீட்டில் சாப்பிடலாமா என்று கொரிந்து சபையில் குழப்பம். வாங்குங்கள், சாப்பிடுங்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவன் இடறக்கூடாது, அவனுக்கு எது நன்மையோ அதைப் பாருங்கள் என்கிறார். அந்தப் பேச்சுக்குள்தான் 31ஆம் வசனம் வருகிறது. நாங்கள் முன்பின்னை விட்டுவிட்டு அதை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம்.

உங்கள் ஊரில் வேலை செய்த சாமுவேல் கிறீனை நினைத்துப் பாருங்கள். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்தவர். மாணவர்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச்சொல் தேடியதும் அவருக்கு ஊழியம்தான்.

இனி என் வீட்டுக் கதை. இரண்டு வருடத்துக்கு முந்தி அம்மாவுக்குப் பிறஷர் குளிசை வாங்கினோம். எந்தப் பாமசி என்பது வேண்டாம். உறையில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக் கிறுக்கல். அம்மா அதைத் தன்பாட்டுக்கு விளங்கிக்கொண்டு காலையிலேயே இரண்டையும் போட்டுவிட்டார். கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். நல்லகாலம், முழங்கைச் சிராய்ப்போடு போனது. பிறகு வேறு இடத்துக்கு மாறினோம். அங்கே ஒரு பிள்ளை உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு’ என்று எழுதி, “அம்மா, ஒருக்கால் வாசியுங்கோ பாப்பம்” என்றது. அம்மா எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். (மற்ற நாட்களில் நானும் முணுமுணுக்கிற ஆள்தான்.) அந்தப் பிள்ளை சைவமோ கிறிஸ்தவமோ, நான் கேட்கவில்லை. அந்த உறை இன்னும் அம்மாவின் பைபிளுக்குள் கிடக்கிறது.

ஜெபிக்க நேரமில்லை என்ற உங்கள் குறையை நான் தட்டிக்கழிக்கவில்லை. அதற்குப் பஸ் இருக்கிறது, விடியற்காலை இருக்கிறது. ஆனால் குளிசை எண்ணும்போது குளிசையை எண்ணுங்கள், தயவுசெய்து.

வசனம் ஒட்டுவதென்றால் முதலாளியிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று பின்னால் எழுதிய ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரட்டைக் காசு கொடுத்தவன் நான். அதனால் இந்த ஒரு விஷயத்தில் என் அபிப்பிராயத்தைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.