ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நள்ளிரவில் கால் பிடிப்பது ஏன்?

பாலிமையால்ஜியா ருமாட்டிகா நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு மூட்டு, தசை நோய் மருத்துவரின் பதில்கள்.

கேள்வி: எனக்கு வயது 68, கும்பகோணத்தில் இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு இரண்டு தோள்களும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. காலையில் தலை வார முடியாது, படுக்கையில் புரளவும் முடியாது. பாலிமையால்ஜியா என்று சொல்லி 15 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. இப்போது 8 மில்லிகிராம் எடுக்கிறேன். ஆனால் கடந்த ஒரு மாதமாக, வாரத்தில் மூன்று நான்கு இரவுகள், கெண்டைக்கால் நரம்பு சுருட்டிப் பிடித்து அலறி எழுகிறேன். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுத்து வருகிறேன். பழைய நோய் திரும்புகிறதா? எதிர்வீட்டு அம்மாள், "ஸ்டீராய்டா? இன்றைக்கே நிறுத்துங்கள்" என்கிறார்.

பதில்: எதிர்வீட்டு அம்மாளின் அக்கறையை மதியுங்கள், ஆலோசனையை மட்டும் ஏற்காதீர்கள். நான்கு மாதம் தினமும் எடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது, நீங்கள் எழுதியிருக்கும் எந்தத் தொல்லையையும்விட ஆபத்தானது. அதன் காரணத்தை மூன்றாவது கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

நீங்கள் விவரித்திருப்பது நோய் திரும்புவதற்கான அடையாளமாகத் தெரியவில்லை. பாலிமையால்ஜியா என்றால் பல தசைகளில் வலி என்று பொருள். 1957-இல் ஸ்டூவர்ட் பார்பர் என்ற மருத்துவர் வைத்த அந்தப் பெயர் நம்மைச் சற்றே திசைதிருப்பிவிடுகிறது. ஏனென்றால், தசை வலிப்பது போலத் தோன்றினாலும், அழற்சி இருப்பது பெரும்பாலும் தோள், இடுப்பு மூட்டுகளின் உள்ளுறையிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு திரவப் பைகளிலும்தான். தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை இந்த நோயில் இயல்பாகவே இருப்பதும் இதனால்தான். நோய் திரும்பினால் அது வந்த வழியிலேயே வரும்: காலையில் எழும்போது இரண்டு பக்கமும் இறுக்கம், அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கக் கை எழாதது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளும் பெரும்பாலும் கூடவே ஏறும். நடு இரவில், ஒரு காலில் மட்டும், சில நிமிடங்கள் கல்லாக இறுகிப் பிறகு தானே விட்டுவிடும் வலி அதன் குணம் அல்ல. அதற்கு நம் பாட்டிகள் வைத்த பெயர் குரக்கு வலி. நரம்பு சுருட்டுவதாக எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் சுருங்குவது தசைதான்.

மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். ஸ்டீராய்டு சிறுநீர் வழியே பொட்டாசியத்தைச் சிறிது வெளியேற்றும். உணவிலிருந்து கால்சியம் உடலில் சேர்வதையும் குறைக்கும். உங்கள் அளவில் இது தனியாகப் பெரிய இழப்பில்லை. ஆனால் உங்கள் ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். டெல்மிசார்டான்-எச் என்பதுபோல் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால், அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருக்கிறது என்று பொருள். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றக்கூடியது. இரண்டும் சேரும்போது, அதுவும் வியர்வை கொட்டும் சித்திரை, வைகாசியில், காலில் பிடித்து இழுப்பது வியப்பில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளும் சிலருக்குத் தசைவலி தரும். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, சர்க்கரை நோய் ஆகியவையும் பட்டியலில் உண்டு. எனவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஸ்டேட்டின் எடுப்பதால் சி.கே.யும் பார்க்கலாம். எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

இனி, கால் பிடிக்கும் அந்த நேரத்துக்கு வருவோம். வலி தாங்காமல் இருட்டில் கட்டிலைவிட்டுக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்திருக்கக்கூடிய வயதில் கீழே விழுந்தால், கால் பிடித்த கதை இடுப்பெலும்பு முறிந்த கதையாகிவிடும். படுத்த நிலையிலேயே முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் முழங்கால் பக்கமாக மெல்ல இழுங்கள். கை எட்டாவிட்டால் தலையணைக்கு அருகில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, அதைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். பந்துபோல் திரண்ட தசை விரலுக்கடியில் தளர்வதை உங்களாலேயே உணர முடியும். அதன்பின் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். தடுப்பதற்கு, படுக்கப் போகும் முன் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாய்ந்து 30 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை போதும். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் நல்லவைதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பரிசோதனை செய்யாமல் தினமும் இளநீர் குடிப்பது, பொட்டாசியத்தை இதயத்துக்கு ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மக்னீசியம் மாத்திரையால், அந்தச் சத்துக் குறைவு இல்லாத முதியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. குவினைன் மாத்திரையை யார் சொன்னாலும் இதற்காகத் தொடாதீர்கள். ரத்த அணுக்களையும் இதயத் துடிப்பையும் கெடுக்கக்கூடியது அது.

வேறு இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி பகலிலும் விடாமல் இருந்தால் அது ரத்தக் குழாயில் உறைவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். வலியே இல்லாமல், கோலம் போட்டு எழும்போதோ பேருந்துப் படியேறும்போதோ தொடை துவண்டால், அது ஸ்டீராய்டு தசையைப் பலவீனப்படுத்துவதாக இருக்கலாம். அதிக அளவை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கே இது மிகுதி. வலி இல்லையே என்று பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 74, இதே நோய்க்கு 12.5 மில்லிகிராம் எடுக்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 98தான் இருக்கிறது. ஆனால் மதிய உணவுக்குப் பின் 240 காட்டுகிறது. பரிசோதனைக்கூடத்தின் தவறா? இரவில் தூக்கமும் இல்லை. (திருச்சி வாசகர்)

பதில்: பரிசோதனைக்கூடத்தைக் குறை சொல்ல வேண்டாம். காலையில் எடுக்கும் பிரெட்னிசலோன் சர்க்கரையை ஏற்றுவது மதியத்திலிருந்து மாலை வரைதான். இரவில் அதன் வேகம் தணிந்து, விடியற்காலையில் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடும். அதனால்தான் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் நம்பக்கூடாது என்கிறோம். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவே உண்மையைச் சொல்லும். 240-ஐக் கண்டு பயந்து இரவில் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக்கொள்வது இன்னொரு ஆபத்து, ஏனெனில் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடலாம். எந்த மருந்தை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை மருத்துவர் இந்த இரண்டு எண்களையும் பார்த்தே முடிவு செய்வார்.

தூக்கத்துக்கு வழி எளிது. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, முழு அளவையும் காலை உணவுக்குப் பின் ஒரே தடவையில் எடுத்துவிடச் சொல்லுங்கள். உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தால் கால் வீக்கமும் ரத்த அழுத்தமும் கட்டுப்படும். மாத்திரை பசியைத் தூண்டும் என்பதால் மாலை நேரத்து மிக்சர் டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதும் சிகிச்சைதான். கண் மருத்துவரிடம் புரை, கண் அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா என்னோடு லண்டனில் இருக்கிறார், வயது 71. அளவை 7-லிருந்து 6 மில்லிகிராமுக்குக் குறைத்ததும் உடம்பு முழுவதும் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்கிறார். மீண்டும் கூட்டிவிடலாமா? (வாசகி)

பதில்: உங்கள் அம்மா இருக்கும் வட ஐரோப்பியப் பகுதியில்தான் இந்த நோய் மிகுதி, அங்குள்ள மருத்துவர்களுக்கு இது பழகிய கேள்வி.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அவை இயல்பாக ஒரு நாளில் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு ஈடானது. 6, 5 என்று நெருங்கும்போது, தூங்கிப்போன சுரப்பி விழித்துக்கொள்ளத் தாமதிப்பதால் உடல்வலியும் சோர்வும் வருகின்றன. பொதுவாக 10 மில்லிகிராமுக்குக் கீழே மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்று மெல்ல இறக்குவதும், பலருக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நீடிப்பதும் இயல்பு. குறைத்த சில நாட்களில் உடம்பெங்கும் பரவலாகத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகத் தணிந்தால் அது பெரும்பாலும் குறைப்பின் விளைவு. தோளிலும் இடுப்பிலும் குறிப்பாக அமர்ந்து, காலை இறுக்கத்தோடு நாளுக்கு நாள் கூடினால் நோய் திரும்புகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நாட்குறிப்பில் காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள்; சி.ஆர்.பி. எண்ணோடு அந்தக் குறிப்பும் சேர்ந்தால்தான் மருத்துவரால் சரியாக முடிவெடுக்க முடியும். நீங்களாகக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம்.

தலைசுற்றலும் வாந்தியும் சேர்ந்து, எழுந்து நிற்க முடியாமல் போனால் அது சுரப்பி அடியோடு ஈடுகொடுக்காத நிலை. தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலின்போதும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம் என்பதால், அதற்கான வழிமுறையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்காவிட்டால் ஊசிதான் வழி. இங்கிலாந்தில் 2020 முதல் ஸ்டீராய்டு அவசர அட்டை தருகிறார்கள். அம்மாவின் கைப்பையில் அது இருக்கட்டும். தமிழ்நாட்டு வாசகர்கள் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: எலும்புக்காக வாரம் ஒருமுறை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்தால் நெஞ்சு எரிகிறது. (வாசகி, மதுரை)

பதில்: அலெண்ட்ரோனேட்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த ஒரு நாள் காலையில் காபியைத் தள்ளிவைக்க முடியுமா? வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் அதன் பிறகுதான். இப்படி எடுத்தும் எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு. கேழ்வரகையும் எள்ளையும் சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை இந்த மாத்திரைக்கு மாற்று அல்ல. இடையில் வலிநிவாரணி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கினால், ஸ்டீராய்டோடு சேர்ந்து வயிற்றில் புண் வரும் வாய்ப்பு கூடிவிடும்.

கேள்வி: பாலிமையால்ஜியாவுக்கு 5 மில்லிகிராம் எடுக்கிறேன். மூன்று நாட்களாகப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி. சோற்றை மெல்லும்போது தாடை வலித்து, நிறுத்தினால் சரியாகிறது. மாதப் பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கிறது. காத்திருக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: காத்திருக்க வேண்டாம். பாலிமையால்ஜியா உள்ளவர்களில் சிலருக்கு நெற்றிப்பொட்டு ரத்தக் குழாயில் அழற்சி வருவதுண்டு. கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் இழந்த பார்வை திரும்புவதில்லை. இதற்கு உங்கள் 5 மில்லிகிராம் போதாது. பல மடங்கு அதிக அளவில் ஸ்டீராய்டு உடனே தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்துக்குத் தபாலில் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டோம். இதே அறிகுறியோடு இதைப் படிப்பவர்கள் இதழை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.