கால் உடற்கூறியல்: எந்தப் படம், எந்த வரிசையில்?

கேள்வி: பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இடுப்பிலிருந்து பாதம் வரையிலான உடற்கூறியலும் காயங்களும் அடுத்த தேர்வுக்கு வருகின்றன. அட்லஸ் (உடற்கூறியல் படநூல்), முப்பரிமாணச் செயலி, வீடியோ என்று எதையும் விடவில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் ஆசிரியர் ஓர் எக்ஸ்ரேயையோ எம்.ஆர்.ஐ. படத்தையோ நீட்டினால் ஒன்றும் பிடிபடவில்லை. எதை வாங்கினால் இது சரியாகும்?

பதில்: இன்னொன்று வாங்க வேண்டாம். உங்களிடம் படங்களுக்குக் குறைவில்லை. ஒரு படத்தை இன்னொரு படத்தோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம்தான் வரவில்லை. அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். எக்ஸ்ரேயில் அந்த நிறங்கள் ஏது? நிறத்தைப் பிடித்துக்கொண்டு படித்தவருக்கு, நிறம் போனதும் இடமும் மறந்துவிடுகிறது. இன்று கணுக்கால் என்றால் அதன் வரைபடம், எலும்பு, உங்கள் சொந்தக் கால், எக்ஸ்ரே நான்கையும் ஒரே அமர்வில் பாருங்கள்.

செய்தே பார்த்துவிடலாம். நாற்காலியில் அமர்ந்து, கணுக்காலின் இரு பக்கப் புடைப்புகளிலும் விரல் வையுங்கள். வெளிப்புறப் புடைப்பு, அதாவது ஃபிபுலா என்ற கீழ்க்காலின் வெளிப்புற எலும்பின் கீழ்முனை, உட்புறத்ததைவிடச் சற்றுத் தாழ்ந்தும் பின்தள்ளியும் இருக்கும். உட்புறத்தில் அத்தனை நீளமான தடுப்பு இல்லாததால் பாதம் எளிதில் உள்நோக்கி மடங்குகிறது. அடிபடுவது வெளிப்புற லிகமென்ட்கள். பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோமே, அவைதான். புடைப்பின் முன்னோரத்தில் விரலை வைத்து, பாதத்தைக் கீழே சாய்த்து உட்புறமாகத் திருப்புங்கள். விரலுக்கு அடியில் இழுபடும் அந்த இடத்தில்தான் முன் டேலோஃபிபுலர் லிகமென்ட் ஓடுகிறது. கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலும் முதலில் கிழிவது அதுவே. இப்போது அட்லஸைத் திறந்தால் அந்தப் பக்கம் உங்களுக்குப் புதிதாகத் தெரியும்.

பிறகு எக்ஸ்ரே. அதில் லிகமென்ட் தெரியாது. எலும்பும் வீக்கத்தின் நிழலும்தான் தெரியும். எங்கே தேடுவது என்பதற்கு, 1992-இல் கனடாவில் உருவான ஒட்டாவா விதிகள் நல்ல வழிகாட்டி. இரு புடைப்புகளின் பின்னோரமும் நுனியும் (கீழ் 6 செ.மீ. வரை), சுண்டுவிரலுக்கு நேரான பாத எலும்பான ஐந்தாம் மெட்டாடார்சலின் அடிப்பகுதி, நடுப்பாதத்தின் உட்புறத்தில் உள்ள நேவிகுலர் எலும்பு ஆகிய இடங்களை அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்று பார்த்து எக்ஸ்ரே தேவையா என முடிவு செய்யும் முறை அது. அந்த இடங்களைப் பேனாவால் உங்கள் காலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் இதைச் செய்த பிறகு மறந்து நான் பார்த்ததில்லை.

முழங்காலில் சிக்கல் வேறு. சில்லை அகற்றிவிட்டு முன்னிருந்து வரைந்த படத்தில் இரு குறுக்கு லிகமென்ட்களும் தாளில் போட்ட பெருக்கல் குறிபோலத் தட்டையாகத் தெரியும். முன் குறுக்கு லிகமென்ட் உண்மையில் தொடை எலும்பின் வெளிக்குமிழில் பின்பக்கம் தொடங்கி, கீழாகவும் முன்னாகவும் உள்ளாகவும் இறங்கி, கீழ்க்காலின் உட்புறப் பெரிய எலும்பான டிபியாவைப் பற்றுகிறது. வலது கையைக் கால்சட்டையின் வலப்பக்கப் பையில் விடுங்கள். விரல்கள் போகும் அதே திசைதான் வலது முழங்காலில் அதன் திசை. இந்தச் சாய்வு மனத்தில் நின்றால், பக்கவாட்டு எம்.ஆர்.ஐ. வெட்டில் அந்தக் கருநிறப் பட்டையை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். நீர் வெண்மையாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. பட வகையில், அந்தப் பட்டை அறுந்து நடுவே வெண்மை பரவியிருந்தால் கிழிவு என்று சந்தேகிக்கலாம். எக்ஸ்ரேயிலும் ஒரு தடயம் கிடைப்பதுண்டு: டிபியாவின் வெளி மேல்விளிம்பில் பெயர்ந்து நிற்கும் சிறு எலும்புச் செதில். செகோண்ட் (Segond) முறிவு எனப்படும் இதைக் கண்டால், செதில் சிறியதுதானே என்று விட்டுவிடாமல் முன் குறுக்கு லிகமென்டைச் சோதிக்க வேண்டும்.

குறுக்குவெட்டுப் படங்களை எப்போதும் நோயாளியின் காலடியில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். படத்தின் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். பாதித் தவறுகள் இந்த ஒன்றில்தான் நேர்கின்றன.

இலவசமாகக் கிடைப்பவற்றில், கிரே உடற்கூறியல் நூலின் 1918 பதிப்புப் படங்கள் காப்புரிமை நீங்கியவை. 1858-இல் முதல் பதிப்புக்கு வரைந்த கார்ட்டர், பல படங்களில் பெயரை அந்தந்த உறுப்பின்மேலேயே எழுதினார். கண் கோட்டைத் தொடர்ந்து ஓரத்துக்கு ஓட வேண்டியதில்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் ஆண் உடல் வெட்டுகள் 1 மி.மீ. இடைவெளியில் எடுக்கப்பட்டவை, உண்மையான தசை எந்த நிறத்தில் இருக்கும் என்று அங்கே பாருங்கள். எக்ஸ்ரேக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் ரேடியோபீடியா இணையதளம். முப்பரிமாணச் செயலியை அடுக்கடுக்காகத் தசை நீக்கிப் பார்க்கப் பயன்படுத்துங்கள். அதிலேயே தொடங்க வேண்டாம். வீடியோ கடைசிதான், கண் ஓடும்போது மனம் சும்மா இருந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்த உடற்கூறியல் படங்களைத் தொடவே வேண்டாம். இல்லாத தசைக்கும் பெயர் போட்டுவிடும்.

ஒரு காயத்தைப் பார்க்கும் முன் காயமில்லாத பத்துப் படங்களையாவது பாருங்கள், சிறுவர்களுடையவை உட்பட. வளரும் வயதில் ஐந்தாம் மெட்டாடார்சலின் அடியில் தனியாக ஓர் எலும்புத் துண்டு தெரியும். அதன் இடைவெளிக் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடினால் அது வளர்ச்சிப் பகுதி. குறுக்காக ஓடினால் முறிவு. இயல்பானதைப் பார்த்துப் பழகாதவர் நன்றாக இருக்கும் காலுக்கு மாவுக்கட்டுப் போடச் சொல்லிவிடுவார்.

ஒவ்வோர் அமர்வையும் அட்லஸை மூடிவிட்டு வரைந்து முடியுங்கள். கெண்டைக்காலின் நடுவே ஒரு குறுக்குவெட்டு: இரண்டு எலும்புகள், நான்கு தசை அறைகள், ஒவ்வோர் அறையின் நரம்பு. அழகு தேவையில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேர்த்துவிட்டு, மறுநாள் அந்தச் சிவப்பிலிருந்து தொடங்குங்கள்.