பீசா தேர்வில் தமிழ்நாட்டுக்கு 72-வது இடமாமே, இதை வைத்து நம் பிள்ளைகளை எடைபோடலாமா?

கேட்டவர் பிள்ளையை ஏதோ 'இன்டர்நேஷனல்' பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கிற அப்பாவாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டியலை நம்பி டொனேஷன் கட்டிவிடாதீர்கள். அதற்காகப் பட்டியலே பொய் என்றும் சொல்ல மாட்டேன். 26 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவன் நான்.

15 வயதுப் பிள்ளைகளுக்காக, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்கிற அமைப்பு பல நாடுகளில் நடத்துகிற தேர்வு பீசா. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் 2010-ல் எழுதின. 2011 டிசம்பரில் முடிவு வந்தது: 74 இடங்களில் நாம் 72. கணக்கில் நமக்கு 351, முதலிடத்தில் வந்த சீன நகரம் ஷாங்காய்க்கு 600. கேள்விகள் நம் பண்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி டெல்லி ஒதுங்கிக்கொண்டது. 2012, 2015, 2018, 2022 எதிலும் நாம் இல்லை.

நானும் ஸ்டாஃப் ரூமில் அதையேதான் முழங்கினேன். கூட வேலை பார்த்த ஒருவர் பழைய பீசா கேள்வி ஒன்றைப் பிரின்ட் எடுத்து வந்து நீட்டினார். ஒரே தடிமனில் இரண்டு பீட்சா. 30 செ.மீ. விட்டம் உள்ளது 30 செட், 40 செ.மீ. உள்ளது 40 செட் (செட் என்பது கற்பனைப் பணம்). எதை வாங்கினால் லாபம்?

"பாத்தீங்களா, பீட்சா! நம்ம புள்ளைங்க எங்க போவும்?" என்று சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பில் போய் பீட்சாவை ஊத்தப்பமாக்கி, செட்டை ரூபாயாக்கி போர்டில் எழுதினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார், சென்டிமீட்டருக்கு ஒரு ரூபா." கிட்டத்தட்ட வகுப்பு முழுக்க இதே பதில். அரையாண்டில் 97 வாங்கிய பெண் எழுந்து, "சார், இது எந்தப் பயிற்சில வருது?" என்றாள். கோளத்தின் கனஅளவைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற பெண் அது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன், அம்மா டிபன் கடை வைத்திருந்தார். "பெருசுக்கு மாவு ஏறக்குறைய ரெண்டு பங்கு ஊத்தணும் சார். நாப்பது ரூபாய்க்குக் குடுத்தா எங்கம்மாவுக்கு நட்டம்." பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும்: ஆரம் 15-க்கு 225, 20-க்கு 400. பையன் சொன்னது சரி. ஆனால் அதை எழுதிக் காட்டச் சொன்னால் முழித்தான்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஸ்டாஃப் ரூமில் அந்தத் தாளைப் பார்த்ததும் நானும் மனசுக்குள் 'சமம்' என்றுதான் நினைத்தேன்.

பண்பாட்டை மாற்றியும் விடை மாறவில்லை. புத்தகக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடவைத்து நூறு சதவீதத் தேர்ச்சி காட்டினோம், அவ்வளவுதான்.

உடனே அரசுப் பள்ளியைக் கேவலப்படுத்துகிறேன் என்று கமென்டில் பாயாதீர்கள். என் மகளும் அங்கேதான் படித்தாள். ஒரு முழு மாநிலத்தைக் கொண்டுபோய் ஷாங்காய் என்கிற ஒரே நகரத்தோடு நிறுத்துவது நியாயமா என்று கேளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களின் பிள்ளைகள் பலருக்கு அங்கே மேல்நிலைப் பள்ளியில் இடமே கிடைப்பதில்லை. ஆனால் ஷாங்காயைத் தள்ளிவிட்டாலும் நம் 351 அப்படியேதான் இருக்கும்.

அந்தக் கணக்கை மறுநாள் தொடரலாம் என்று போர்டை அழிக்காமல் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால், வாக்காளர் பட்டியல் சரிபார்க்கப் போகச் சொல்லி ஆர்டர். மூன்று வாரம் தெருத்தெருவாக அலைந்தேன்.