குழந்தைகளுக்கு எழுதி, படமும் வரைந்து, சொல்லோடு விளையாடியவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? அவர் எப்படி இந்தத் துறைக்கு வந்தார்?

வில்லியம் ஸ்டைக். பெயர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டாலும் ஷ்ரெக் என்ற பச்சைப் பூதத்தைத் தெரியாதவர்கள் குறைவு. 2001இல் அந்தப் பெயரில் வந்த திரைப்படத்துக்கு மூலம், ஸ்டைக் 1990இல் எழுதி வரைந்த ஒரு சின்னப் படக்கதை. அப்போதே அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்கு ஷ்ரெக் காரணமில்லை. அவருடைய சொல்விளையாட்டு குழந்தையின் வாயில்தான் நடக்கும். கண்ணால் மட்டும் படித்துக்கொண்டு போனால் பாதி கைக்கு வராது. சத்தமாகச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வித்தை அவருக்கு வந்த வழி சுவாரசியமானது.

1907இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பா வீடுகளுக்குச் சாயம் அடிப்பவர், அம்மா தையல் வேலை செய்தவர், இருவரும் சோஷலிசத்தில் உறுதியான பிடிப்புள்ளவர்கள். பிள்ளை தொழிலாளியானால் முதலாளி சுரண்டுவான், முதலாளியானால் இவனே பிறரைச் சுரண்டுவான், ஆகவே இரண்டும் வேண்டாம், கலைப்பக்கம் போகட்டும் என்பது அந்த வீட்டின் நியாயம். எவ்வளவு அழகான நியாயம்! ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அதற்குள் 1929 பொருளாதார வீழ்ச்சி வந்து அப்பாவின் பிழைப்பு போய்விட்டது. குடும்பப் பாரம் இவர் தலையில் விழ, 1930இல் நியூயார்க்கர் பத்திரிகைக்கு முதல் கேலிச்சித்திரத்தை விற்றார். முதல் ஆண்டில் சம்பாதித்த 4,500 டாலரில் வீடே ஓடியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பத்திரிகையை விடவில்லை. 1,600க்கும் மேற்பட்ட சித்திரங்கள், நூற்றுக்கும் அதிகமான அட்டைப்படங்கள். நடுவில் பிழைப்புக்காக விளம்பரங்களுக்கும் வரைந்தார். அந்த வேலை அவருக்கு அறவே பிடிக்கவில்லை.

குழந்தைகள் பக்கம் அவரைத் திருப்பியவர் சக கேலிச்சித்திரக்காரரான ராபர்ட் கிரவுஸ். அவர் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கியதும், எங்களுக்கு ஒரு புத்தகம் செய்து கொடுங்கள் என்று கேட்டார். 1968இல் புத்தகம் வந்தபோது ஸ்டைக்குக்கு வயது 60.

அதன் தலைப்பே மூன்று எழுத்துதான்: சி, டி, பி. வேகமாகச் சொல்லுங்கள். ‘சீ த பீ’ என்று காதில் விழும், அதாவது ‘அதோ, தேனீயைப் பார்’. புத்தகம் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சில ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும். முதலில் ஒன்றும் புரியாது. படத்தைப் பார்த்துக்கொண்டே எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நம் வாயிலிருந்தே ஒரு வாக்கியம் வந்து விழும். ககர எழுத்துகளை மட்டும் வைத்துக் காளமேகம் பாடிய காக்கை, கூகைப் பாட்டை முதன்முறை பிரித்துப் படிக்கும்போது ஒரு திகைப்பு வருமே, அதற்கு நெருங்கிய உறவு இது. ஒரு வேறுபாடு, காளமேகத்துக்கு உரை தேவைப்படுகிறது. இங்கே படமே உரை. சொல்லும் படமும் ஒருவர் கையிலிருந்தே வந்தால்தான் இது முடியும். எழுத்தில் எவ்வளவு மறைக்கலாம், படத்தில் எவ்வளவு காட்டலாம் என்ற அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு படம், ஒரு வரி என்று உழைத்த பயிற்சி அது.

என்றாலும், அவருடைய விளையாட்டின் உச்சம் இந்தப் புத்தகம் இல்லை என்பது என் கருத்து. 1982இல் வந்த ‘டாக்டர் டி சோட்டோ’வைத்தான் சொல்வேன். டி சோட்டோ ஒரு எலி, தொழில் பல் வைத்தியம். பூனை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு வைத்தியம் கிடையாது என்று வெளியே பலகையே மாட்டியிருப்பார். ஒருநாள் பல்வலியில் துடிக்கும் நரி வாசலில் நின்று அழுகிறது. மனைவியும் அவரும் இரக்கப்பட்டு உள்ளே விடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும் நரி, எலியை எப்படிச் சாப்பிட்டால் ருசி என்று உளறிவிடுகிறது. ஆனாலும் தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது டாக்டருக்கு வழக்கமில்லை. மறுநாள் புதுப்பல்லைப் பொருத்திவிட்டு, இனிப் பல்வலியே வராமல் இருக்க ஒரு மருந்து என்று சொல்லி எல்லாப் பற்களிலும் எதையோ தடவி, நன்றாகக் கடியுங்கள் என்கிறார். அது பசை. தாடை ஒட்டிக்கொள்கிறது.

இப்போது நரி என்ன பேசும்? நன்றி சொல்லப் பார்க்கிறது. வருவதோ ‘ஃப்ராங்க் ஊ பெர்ரி மஷ்’! ‘தேங்க் யூ வெரி மச்’ என்பதைப் பல்லைத் திறக்காமல் சொன்னால் இதுதான் வரும். என் மகளுக்கு வாசித்துக் காட்டும்போதெல்லாம் இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அவள் பல்லை இறுக்கிக்கொண்டு அதைச் சொல்வாள், உடனே இன்னொரு முறை என்பாள். இதில் வெறும் சிரிப்பு மட்டும் இல்லை. தன்னைத் தின்ன வந்தவனின் வாயை ஓர் எலி அடைத்துவிட்டது, அதைக் கேட்கும் குழந்தை தன் வாயாலேயே உணர்கிறது. கதையின் திருப்பம் முழுவதும் அந்த நான்கு உடைந்த சொற்களுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் சிறந்த குழந்தை இலக்கியத்துக்குத் தரப்படும் நியூபெரி கௌரவ விருதை இந்தப் புத்தகம் பெற்றது. வழக்கமாக நீண்ட கதைகளுக்குப் போகும் விருது ஒரு படக்கதையைத் தேடி வந்தது அபூர்வம்.

படத்துக்கான விருது முன்பே வந்துவிட்டது. கழுதைக்குட்டி ஒன்று மந்திரக் கூழாங்கல்லால் பாறையாகிவிடும் ‘சில்வெஸ்டர்’ கதைக்கு 1970இல் கால்டெகாட் பதக்கம். அதில் வருவதெல்லாம் விலங்குகள்தான். போலீஸ்காரர்களைப் பன்றிகளாக வரைந்ததற்காகக் காவலர் சங்கங்கள் எதிர்ப்புக் கிளப்பி, சில நூலகங்கள் புத்தகத்தையே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. இத்தனைக்கும் அவர் வரைந்த முந்தைய கதையில் நாயகனே ஒரு பன்றிதான், பாடித் திரியும் பன்றி!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைப் புத்தகம் என்பதற்காக அவர் சொற்களைக் குறைத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களே அகராதியைத் தேடும் சொற்கள் அவர் கதைகளில் தாராளமாக வரும். குழந்தைகள் அதற்காகத் தயங்கி நிற்பதில்லை, ஓசை பிடித்திருந்தால் பொருள் தெரியாமலே சொல்லித் திரிவார்கள். சின்னச் சொற்களாகப் பொறுக்கி எழுதுங்கள் என்று புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இவர் முக்கியக் காரணம்.

2003இல், 95 வயதில், பாஸ்டனில் காலமானார். அந்த ஆண்டுகூடக் குழந்தைகளுக்கான ஒரு புத்தகம் வந்தது, தன் எட்டு வயது நினைவுகளை வைத்து எழுதியது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு முதலில் டி சோட்டோ. எழுத்துப் புதிரை அப்புறம் கொடுங்கள், விடையை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.