வாசகர் கேள்வி: ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

அடுக்களைக் குழாய் சொட்டுகிறது. புறவாசல் கதவுக் கீல் ஆடுகிறது. பட்டாசல் (முன்கூடம்) சுவிட்சைப் போட்டால் பொறி தெரிகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "ஞாயித்துக்கிழமை பார்ப்போம்" என்கிறார். ஞாயிறுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. எதை முதலில் பிடிப்பது?
*– வாசகி, பாளையங்கோட்டை*

ஞாயிறை நம்பியதால்தான் வேலை நடக்கவில்லை. காலையில் குழாயைக் கழற்றிய பிறகுதான் வாஷர் வேண்டும் என்று தெரியும். அன்றைக்கு ஹார்டுவேர் கடை பெரும்பாலும் பூட்டியிருக்கும், இல்லையென்றால் மதியத்தோடு மூடிவிடும். கழற்றியதை அப்படியே மாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டோம். சாமான் வாங்குவது ஒரு வேலை, மாட்டுவது வேறு வேலை. வாங்குவதை வார நாளில் முடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

முதலில் சுவிட்ச். அது ஞாயிறு வரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது. சரிசெய்யும்வரை அதைத் தொடாதீர்கள். உள்ளே ஒயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது தொடுமுனை தேய்ந்திருக்கலாம். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லையென்று உறுதிசெய்த பிறகுதான் பலகையைத் திறக்க வேண்டும். ஒயர் நுனி கருகியிருந்தால் அந்த அரை அங்குலத்தை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்க வேண்டும். சுவிட்சையும் மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை. 6 ஆம்பியர் சுவிட்சில் அயர்ன் பாக்ஸோ ஹீட்டரோ ஓடினால் புது சுவிட்சும் கருகும். அதற்கு 16 ஆம்பியர் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.

அடுத்தது குழாய். மேல் தொட்டியின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். நிக்கல் பூச்சு கீறாமல் இருக்கத் துணி சுற்றி, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினால் ஸ்பிண்டில் (கைப்பிடியோடு சுழலும் தண்டு) முழுதாக வெளியே வரும். அதன் அடியில்தான் தேய்ந்த ரப்பர் வாஷர் இருக்கும். அளவைச் சொல்லி வாங்காதீர்கள். ஸ்பிண்டிலையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். இரண்டாக வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அது அரித்துப்போயிருந்தால் புது வாஷரையும் சீக்கிரமே கிழித்துவிடும். குழாயையே மாற்ற வேண்டியதுதான். கால் சுற்றிலேயே திறந்து மூடும் புது வகைக் குழாயில் இந்த வாஷர் கிடையாது. அதில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.

புதுக் குழாய் போட்டால் டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். ஒழுகிவிடுமோ என்று பயந்து முழு பலத்தையும் போட்டு இறுக்குவதுதான் பெரிய தப்பு. சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ (வளைவு இணைப்பு) விரிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

கீல் விஷயத்தில் திருகு ஓட்டை பெரிதாகியிருக்கும். மூங்கில் சீவலை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, முன்னதைவிட அரை அங்குலம் நீளமான திருகு போடுங்கள்.

மட்டப்பாவில் (மொட்டைமாடித் தளத்தில்) விரிசல், மச்சில் (உள்கூரையில்) ஈரக்கறை. ஒரு சின்ன வேலைக்குக் கொத்தனார் வர மறுக்கிறார். எந்த மாதத்தில் செய்வது நல்லது?
*– வாசகர், அம்பாசமுத்திரம்*

அவர் வராததில் நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேர வேலைக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பெயர்ந்த படிக்கட்டு, உடைந்த தொட்டி விளிம்பு, எலி பொந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாள் வேலையாகச் சொல்லுங்கள். சிமெண்டும் மணலும் முந்தின நாளே வீட்டில் இருக்கட்டும்.

சித்திரை வெயிலில் கலவை சட்டென்று உலர்ந்து வெடிக்கும். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் சாரல், தளம் காயாது. ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்தான் காலம்.

அதற்கு முன், கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை இல்லாதபோதும் கறை ஈரமாக இருந்தால் மேலே போகும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். கான்கிரீட் தளமென்றால் மழைநீர் வடியும் தூம்பை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். மரக்கட்டைகளின் மேல் தளம் போட்ட கட்டைகுத்து வீட்டில் மட்டும் வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம் ஏறும். உளுத்த கட்டை தாங்காது.

கான்கிரீட் விரிசலை மேலே சும்மா பூசி மறைத்தால் அடுத்த மழையில் மறுபடி வாய் திறக்கும். உளியால் அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்குக் கொத்தி, கம்பிப் பிரஷால் தேய்த்து, கழுவ வேண்டும். லேட்டக்ஸ் (சிமெண்டைப் பிடிக்கவைக்கும் பசைத் திரவம்) கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, அது காய்வதற்குள் 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு மணல், லேட்டக்ஸ் சேர்ந்த கலவையை அடைக்க வேண்டும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்கென்றால் இரண்டாவது தெற்கு வடக்கு. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கசிவு அங்கேதான். அங்கே கலவையை வளைவாகப் பூசி, பூச்சைச் சுவரில் அரை அடி ஏற்றுங்கள்.

பழைய சுண்ணாம்புத் தளத்தில் சிமெண்ட் போடாதீர்கள். இரண்டும் வெயிலில் ஒரே மாதிரி விரியாது. ஓரம் பிரிந்து தண்ணீர் உள்ளே தங்கும். பெயர்ந்த தட்டோட்டை (தளத்தில் பதித்த தட்டையான ஓட்டை) எடுத்துச் சுண்ணாம்புக் கலவையிலேயே பதியுங்கள். தூம்பில் வேப்பஞ்சருகு அடைத்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மாதிரி மழை வந்தால் அரை மணியில் மட்டப்பா குளமாகிவிடும்.

கார்த்திகையில் கதவு இறுகுகிறது. இப்போதே சீவிவிடலாமா?
*– வாசகி, கல்லிடைக்குறிச்சி*

வேண்டாம். ஈரத்தில் உப்பிய மரத்தைச் சீவினால் பங்குனியில் இடைவெளி விழும். உரசும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள், மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மாசியிலும் உரசினால் தச்சரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டளவு மட்டும் சீவச் சொல்லுங்கள்.

மேல் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கிறது. மிதவையால் தண்ணீரை நிறுத்தும் பால் வால்வை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.
*– வாசகர், ராதாபுரம்*

போர்த் தண்ணீரின் உப்பு, வால்வு வாயில் படிந்து முழுதாக மூட விடுவதில்லை. கழற்றி வினிகரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் மிதவையை மட்டும் மாற்றினால் போதும்.