மாற்றியும் மாறாத மதிப்பு

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் ‘செட்டிங்ஸ்’ மாட்யூலின் (தனிக் குறியீட்டுக் கோப்பின்) ‘டீபக்’ மதிப்பை ட்ரூ என மாற்றுகிறேன். இன்னொரு கோப்பில் பழைய ஃபால்ஸ்தான் வருகிறது. மாட்யூல் ஒருமுறைதானே ஏறும்?

பதில்: ஒருமுறைதான், ஏறியது ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ என்ற, ஏறிய மாட்யூல்களின் பதிவில் இருக்கும். கோளாறு ‘ஃப்ரம் செட்டிங்ஸ் இம்போர்ட் டீபக்’ என்ற வரியில். அப்போதிருந்த மதிப்புக்கு அது உங்கள் கோப்பில் தனிப்பெயர் வைத்துவிடுகிறது. பிறகு செட்டிங்ஸில் மாற்றினாலும் அந்தப் பெயர் பழையதையே பிடித்திருக்கும். ‘இம்போர்ட் செட்டிங்ஸ்’ என்று எழுதி, படிக்கும்போதும் மாற்றும்போதும் ‘செட்டிங்ஸ்.டீபக்’ என்றே குறிப்பிடுங்கள். மதிப்பு ஒரு லிஸ்ட்டாக இருந்து, அதில் அப்பெண்ட் செய்தால் (உருப்படி சேர்த்தால்) இச்சிக்கல் வராது; இரு பெயர்களும் அதே லிஸ்ட்டையே காட்டும். பலர் ஏமாறுவதும் அதனால்தான்.

நேரடியாக ஓட்டும் ‘மெயின்.பை’யில் பொது மதிப்புகளை வைக்கவே வேண்டாம். அது ‘__மெயின்__’ என்ற பெயரில் ஏறியிருக்கும். வேறு கோப்பு ‘இம்போர்ட் மெயின்’ என்றால் அதே குறியீடு மறுபடி ஓடி, இரண்டாவது பிரதி முளைக்கும்.